ரிசெப்ஷனில் இடம் இல்லை என்று கடிதம் வந்தால்: இங்கிலாந்தில் மேல்முறையீடு செய்யும் முறை

ஏப்ரல் 16ஆம் தேதி காலையில், நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லோரும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். செப்டம்பரில் ரிசெப்ஷன் வகுப்பில் சேரப்போகும் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சில் சொல்லும் நாள் அது. விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள். ஜனவரி 15க்குள் விண்ணப்பித்தவர்களுக்கு அன்று பதில் வந்துவிடும். நாம் முதலாவதாக எழுதிய பள்ளியில் இடம் இல்லை, எழுதவே எழுதாத ஒரு பள்ளியில் இடம் தந்திருக்கிறோம் என்று மின்னஞ்சல் சொல்லும்போது வயிற்றைப் பிசையும். நான் அதை ஒரு முறை அனுபவித்திருக்கிறேன். பிறகு, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கும் நம்மவர்கள் சிலருக்கு உதவியாக அவர்களுடைய மனுக்களைப் படித்தும் இருக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் மனுநீதி நாளில் கொடுப்பது போன்ற மனுவைத்தான் எழுதுகிறார்கள். குடும்பக் கஷ்டம், பிள்ளையின் ஏக்கம், தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் ஊர் அனுபவம். இங்கே சின்ன வகுப்புகளுக்கான மேல்முறையீட்டில் பெரும்பாலும் அது நடக்காது. மேல்முறையீட்டை விசாரிக்கும் குழு பார்ப்பது உங்கள் தேவையை அல்ல, விதி சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதை. ஆகவே மனு எழுதும் மனநிலையை விட்டுவிட்டு, கணக்கைத் தணிக்கை செய்பவரைப் போல உட்காருங்கள்.

இங்கே எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் விதிகள் வேறு. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான சட்டபூர்வத் திட்டம் (ஈ.எச்.சி.பி.) இருந்தால் அதற்கான பாதையும் வேறு; அது தனித் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

முதல் வேலை: கொடுத்த இடத்தை வாங்கிக்கொள்ளுங்கள்

கோபத்தில் “வேண்டாம்” என்று பதில் அனுப்பிவிடாதீர்கள். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டால் மேல்முறையீடு பலவீனமாகிவிடும் என்ற பேச்சு நம்மவர்களிடையே உலவுகிறது. அது தவறு. ஏற்றுக்கொள்வதால் மேல்முறையீட்டு உரிமையும் பாதிக்கப்படாது, காத்திருப்புப் பட்டியலில் உங்கள் வரிசையும் மாறாது. மறுத்தால், அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். மேல்முறையீடும் தோற்றால் செப்டம்பரில் கையில் ஒன்றும் இருக்காது.

அன்றே செய்ய வேண்டிய இன்னொன்று: விரும்பிய பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சில கவுன்சில்கள் தாமாகவே சேர்க்கும், சில இடங்களில் நாம்தான் கேட்க வேண்டும். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் மேல்முறையீட்டைவிட இதுதான் பலருக்குப் பலன் தருகிறது.

முப்பது என்ற எண்

1998ஆம் ஆண்டின் பள்ளித் தரநிலைகள் மற்றும் கட்டமைப்புச் சட்டப்படி ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 ஆகிய மூன்று வகுப்புகளிலும் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. “வகுப்பில் உதவியாளரோடு சேர்த்து இரண்டு பேர் இருக்கிறார்களே, ஒரு பிள்ளை கூடினால் என்ன?” என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். வகுப்பு உதவியாளர் இந்தக் கணக்கில் வரமாட்டார், ஆசிரியர் மட்டும்தான்.

ஆகவே ஒரு பள்ளியின் சேர்க்கை எண் (ஓர் ஆண்டில் சேர்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை) 30, 60, 90 என்று இருந்து, எல்லா இடமும் நிரம்பியிருந்தால், உங்கள் மேல்முறையீடு ‘வகுப்பு அளவு’ வகையைச் சேர்ந்தது. ஜெயிப்பது மிகக் கடினம். இதைச் சொல்லாமல் ஆசை காட்டுவது நேர்மையல்ல.

எண் 45 என்று இருந்தால் சிலர் மகிழ்ந்துவிடுவார்கள்: ரிசெப்ஷனில் 22, 23 என்று இரண்டு வகுப்பு, இடம் தாராளமாக இருக்கிறதே என்று. அவசரப்படாதீர்கள். அந்தப் பள்ளி அடுத்த ஆண்டில் இயர் 1, இயர் 2 பிள்ளைகளைக் கலந்து முப்பது முப்பதாக மூன்று வகுப்பு நடத்தலாம். இரண்டு ஆண்டிலும் 45 என்றால் மொத்தம் 90, சரியாக மூன்று வகுப்பு. நாற்பத்தாறாவது பிள்ளையைச் சேர்த்தால் அடுத்த ஆண்டு முப்பதைத் தாண்டும். குழு இதையும் கணக்கில் எடுக்கும். பள்ளி வகுப்புகளை எப்படிப் பிரிக்கிறது என்று கேட்டு வாங்காமல் இந்த வாதத்தில் இறங்க வேண்டாம்.

மூன்று வாசல்கள்

வகுப்பு அளவு மேல்முறையீட்டில் உள்ளே நுழைய மூன்றே வாசல்தான் உண்டு. ஒன்று, உங்கள் பிள்ளையைச் சேர்த்தாலும் முப்பதைத் தாண்டாது என்று காட்டுவது. இரண்டு, சேர்க்கை விதிகளே சட்டத்துக்கு முரணாக இருந்தன, அல்லது உங்கள் விண்ணப்பத்தில் அவை சரியாகவும் பாரபட்சமின்றியும் பின்பற்றப்படவில்லை. அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று காட்டுவது. மூன்று, அந்த முடிவை நியாய உணர்வுள்ள எந்த நிர்வாகமும் எடுத்திருக்காது என்று காட்டுவது.

மூன்றாவது வாசலைப் பார்த்ததும் “எங்கள் விஷயத்தில் அநியாயம்தானே நடந்திருக்கிறது” என்று தோன்றும். சட்டம் சொல்லும் ‘நியாயமற்ற’ என்பதன் அளவுகோல் மிக உயரத்தில் இருக்கிறது. தர்க்கத்துக்கே அடங்காத, கேட்பவர் திகைத்துப்போகும் முடிவாக இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய், தங்கையை வேறு திசையில் இருக்கும் நர்சரியில் விட வேண்டிய கட்டாயம், பக்கத்து வீட்டுத் தோழி அந்தப் பள்ளியில் படிப்பது, பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கையில் அந்தப் பள்ளிக்கு நல்ல பெயர் இருப்பது, இவை எதுவும் இந்த வாசலைத் திறக்காது. படிவத்தில் அந்தப் பள்ளியை முதலாவதாக எழுதியிருந்தீர்கள் என்பதும் உதவாது. எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதை வைத்து எந்தப் பள்ளியும் முன்னுரிமை தரக் கூடாது என்பதே விதி.

ஆக, சாதாரணக் குடும்பத்துக்குப் பயன்படக்கூடியது இரண்டாவது வாசல். அங்கேதான் உழைக்க வேண்டும்.

தவறைத் தேடுவது

முதலில் அந்தப் பள்ளியின் சேர்க்கை விதிகளை, அந்தக் கல்வியாண்டுக்கு உரியதை, வலைத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை அதிகாரம் யாரிடம் என்பது பள்ளியின் வகையைப் பொறுத்தது: கவுன்சில் பள்ளி என்றால் கவுன்சில், அகாடமி (கவுன்சிலின் கட்டுப்பாட்டில் இல்லாத அரசு நிதிப் பள்ளி) என்றால் அதை நடத்தும் அறக்கட்டளை, பெரும்பாலான கத்தோலிக்கப் பள்ளிகளில் நிர்வாகக் குழு அல்லது அறக்கட்டளை. கேள்விகளை உரியவரிடம் அனுப்புங்கள்.

விதிகளில் ஒரு வரிசை இருக்கும். கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும், அல்லது முன்பு இருந்த பிள்ளைகள் முதலில். பிறகு பள்ளிக்கேற்ப மருத்துவ, சமூகக் காரணங்கள், அங்கே ஏற்கெனவே படிக்கும் அண்ணன் அக்கா, வீட்டின் தூரம். உங்கள் பிள்ளையை எந்தப் படியில் வைத்தார்கள், அந்தப் படியில் கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் தூரம் எவ்வளவு, உங்கள் தூரம் எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். சொல்வார்கள்.

உதாரணத்துக்கு, கடைசி இடம் 0.398 மைலில் இருந்த பிள்ளைக்குப் போயிற்று, உங்களுடையது 0.412 மைல் என்று பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அளவுநாடாவை மனதில் எடுங்கள். விதியில் நேர்க்கோட்டுத் தூரம் என்றிருக்கிறதா, நடந்து போகும் வழி என்றிருக்கிறதா? வீட்டின் எந்தப் புள்ளியிலிருந்து, பள்ளியின் எந்த வாசல் வரை? நான் படித்த மனு ஒன்றில், குடும்பம் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரு மூலையில் இருந்தது. கவுன்சில் அளந்த புள்ளி மறு மூலையில் இருந்தது. விதியிலோ கட்டடம் முழுவதற்கும் ஒரே புள்ளி என்றுதான் இருந்தது; எனவே அது தவறில்லை, மனு நிற்கவில்லை. அதே சமயம், பதிவில் பழைய வாடகை வீட்டின் முகவரியை வைத்து அளந்திருந்தார்கள் என்றால் அது தவறு, அதுவும் கனமான தவறு. உங்கள் கைபேசி வரைபடம் வேறு எண்ணைக் காட்டுகிறது என்பது மட்டும் போதாது. அவர்கள் எழுதிவைத்த முறையிலேயே அளந்தால் வேறு விடை வருகிறது என்று காட்ட வேண்டும்.

நம்மவர்களுக்கு அடிக்கடி சறுக்கும் இடங்கள் மூன்றைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, முகவரி: ஜனவரிக்குப் பிறகு வீடு மாறியவர்கள், கவுன்சில் டாக்ஸ் ரசீதில் பெயர் இல்லாமல் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள். இரண்டு, துணைப் படிவம்: கத்தோலிக்கப் பள்ளிக்குக் கவுன்சில் படிவத்தோடு சேர்த்துப் பள்ளியின் தனிப் படிவமும், ஞானஸ்நானச் சான்றிதழும், சில இடங்களில் பங்குத்தந்தையின் கையொப்பமும் வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் பெரும்பாலும் மதம் சாராத பிள்ளைகளின் படிக்கு இறக்கிவிடுவார்கள். கொடுத்தும் இறக்கியிருந்தால் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுங்கள், அதுதான் வழக்கு. மூன்று, மருத்துவக் கடிதம்: விண்ணப்பத்தோடு அனுப்பாமல், இடம் இல்லை என்ற பிறகு ஓடிப்போய் வாங்கும் கடிதத்துக்கு வகுப்பு அளவு வழக்கில் வலு குறைவு. அவர்கள் முடிவெடுத்தபோது மேசையில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு முப்பதாவது இடம் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை என்றால் உடனே எழுதுங்கள். சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்குகளில் அது ஒன்று. இரண்டாவது பிள்ளையை முப்பத்தொன்றாகச் சேர்க்கலாம்.

மனுவை எழுதுவது

கட்டணம் கிடையாது. இடம் இல்லை என்ற கடிதம் வந்த நாளிலிருந்து மனு கொடுக்கக் குறைந்தது 20 பள்ளி நாள்கள் தர வேண்டும். பள்ளி நாள் என்றால் சனி, ஞாயிறும் விடுமுறையும் சேராது. கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும். படிவத்தை முதலில் சுருக்கமாக நிரப்பித் தேதிக்குள் கொடுத்துவிட்டு, ஆதாரங்களைப் பிறகு அனுப்பலாம். அதற்கும் தனிக் கடைசித் தேதி உண்டு. உரிய காலத்தில் கொடுத்த மனுக்களை, மனு கொடுக்கும் கடைசித் தேதியிலிருந்து 40 பள்ளி நாள்களுக்குள் விசாரிக்க வேண்டும், அதாவது பெரும்பாலும் ஜூன், ஜூலையில்.

ஒரு தந்தை எழுதியிருந்த முதல் வரி இப்படித் தொடங்கியது: “என் மகள் மிகவும் புத்திசாலி, அவளுடைய எதிர்காலம் தங்கள் கையில்தான் இருக்கிறது.” மூன்று பக்கம் தாண்டித்தான் அவருடைய மூத்த மகன் அதே பள்ளியில் இயர் 3 படிக்கிறான் என்பது வந்தது. விண்ணப்பத்தில் அவனுடைய பெயரை எழுதியிருந்தும் கவுன்சில் கடிதத்தில் அவளைத் தூரப் படியில்தான் காட்டியிருந்தார்கள். இரண்டு பெயரிலும் முன்னெழுத்து முறை வேறு வேறாக இருந்ததால் உடன்பிறந்தவர்கள் என்று பதிவாகவில்லை. அப்பா பெயரும் முன்னெழுத்தும் குடும்பப் பெயரும் இடம் மாறி விளையாடும் நம் பெயர்களை இந்த நாட்டுக் கணினி என்ன செய்யும் பாவம். மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டு இப்படி மாற்றினோம்:

“பள்ளியின் விதிகளில் மூன்றாவது படி, செப்டம்பரில் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் உடன்பிறந்தவர் உள்ள பிள்ளைகள். என் மகன் அங்கே இயர் 3 படிக்கிறான். இதை ஜனவரி மாத விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறேன் (நகல் இணைப்பு 1). கவுன்சிலின் ஏப்ரல் கடிதம் என் மகளை ஐந்தாவது படியில் வைத்திருக்கிறது (இணைப்பு 2). இருவரின் பிறப்புச் சான்றிதழ்களும் இணைப்பு 3. மூன்றாவது படியில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஆகவே விதி சரியாகப் பின்பற்றப்பட்டிருந்தால் என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கும்.”

அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. கடைசி வரியைக் கவனியுங்கள். தவறு நடந்தது என்பதோடு நிறுத்தாமல், தவறு நடக்காவிட்டால் இடம் கிடைத்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பாதி மட்டும் இருந்தால் குழு “ஆம், தவறுதான், ஆனாலும் உங்களுக்கு இடம் கிடைத்திருக்காது” என்று சொல்லிவிடலாம். இந்த வழக்கு விசாரணை வரை போகவே இல்லை. மனுவைப் பார்த்ததும் கவுன்சிலே தவறை ஒப்புக்கொண்டு இடம் கொடுத்துவிட்டது.

எம்.பி.யிடமோ கவுன்சிலரிடமோ சிபாரிசுக் கடிதம் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கினால் கோப்பில் ஒரு தாள் கூடும், அவ்வளவுதான்.

விசாரணை நாள்

குறைந்தது 10 பள்ளி நாள் முன்னதாகத் தேதியைத் தெரிவிப்பார்கள். பள்ளி தன் தரப்பு வாதத்தையும் விசாரணைக்கு முன்பே எழுத்தில் அனுப்பும். அதைப் படிக்காமல் போகிறவர்கள் ஏராளம். அதில்தான் வகுப்பு எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, எந்தப் படியில் எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள் என்ற கணக்கெல்லாம் இருக்கும். பேனாவோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள்.

குழுவில் குறைந்தது மூன்று பேர். ஒருவராவது பள்ளி நிர்வாகத்திலோ கற்பித்தலிலோ அனுபவம் இல்லாத பொதுமனிதர்; ஒருவராவது கல்வித்துறை அனுபவம் உள்ளவர் அல்லது பள்ளிப் பிள்ளையின் பெற்றோர். பள்ளியோடும் கவுன்சிலோடும் தொடர்பில்லாதவர்கள். கூடவே ஓர் எழுத்தர் இருப்பார். அவர் குறிப்பெடுப்பார், சட்டம் சொல்வார், வாக்களிக்கமாட்டார். 2022 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் மேல்முறையீட்டு விதித்தொகுப்புப்படி நேரிலோ காணொளியிலோ நடத்தலாம். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் முன்கூட்டியே கேளுங்கள், தமிழுக்கும் கேட்கலாம். நண்பர் ஒருவரை அழைத்துப் போகலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

எங்களுடையது காணொளியில் நடந்தது. சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். பள்ளித் தரப்பில் ஒரு பெண் ஐந்து நிமிடம் பேசினார்: 60 இடம், 60 பிள்ளை, இரண்டு ஆசிரியர். குழுத் தலைவர் என்னிடம் கேட்டார், “இந்த எண்களில் உங்களுக்குக் கேள்வி இருக்கிறதா?” நான் மகளின் ஆஸ்துமாவைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர் இடைமறிக்காமல் முழுதும் கேட்டார். பிறகு மெல்ல, “இது விண்ணப்பத்தில் இருந்ததா?” என்றார். இல்லை. அந்த ஒரு கேள்வியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. அன்றைக்கு யாராவது இந்தக் கட்டுரையைப் போல ஒன்றை என் கையில் கொடுத்திருந்தால், அக்டோபரில் படிவத்தை நிரப்பும்போதே மருத்துவரிடம் போயிருப்பேன்.

முடிவு கூடுமானவரை 5 பள்ளி நாளுக்குள் கடிதமாக வரும். ஜெயித்தால் பள்ளி சேர்த்தே ஆக வேண்டும். குழுவின் முடிவு அவர்களைக் கட்டுப்படுத்தும்.

நடுவில் வந்தவர்களுக்கும், பெரிய வகுப்புக்கும்

நவம்பரில் விமானம் ஏறி வந்து ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர்கள் கவுன்சிலுக்கோ நேரடியாகப் பள்ளிக்கோ விண்ணப்பிக்க வேண்டும். எது என்று கவுன்சில் வலைத்தளம் சொல்லும். பதில் 15 பள்ளி நாளுக்குள் வர வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு, மனு கொடுத்த 30 பள்ளி நாளுக்குள் விசாரணை. வழக்கமான சேர்க்கைக் காலத்துக்கு வெளியே அந்தப் பகுதிக்குக் குடிவந்து, நியாயமான தூரத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் இடம் இல்லாத பிள்ளை, முப்பது என்ற எல்லைக்கு விதிவிலக்கு. சுற்றியுள்ள பள்ளிகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன என்று கவுன்சில் எழுதிய மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

இயர் 3 முதல் மேலே என்றால் நிலைமை தலைகீழ். முப்பது என்ற சட்ட எல்லை இல்லை. முதலில் பள்ளி, இன்னொரு பிள்ளை வந்தால் தனக்கு என்ன பாதிப்பு என்று நிரூபிக்க வேண்டும். பிறகு குழு அந்தப் பாதிப்பையும் உங்கள் பிள்ளையின் தேவையையும் தராசில் வைத்துப் பார்க்கும். மேலே வேண்டாம் என்று சொன்னதெல்லாம் இங்கே வேண்டும்: ஆஸ்துமா, தம்பியின் பள்ளி நேரம், முன்பு பட்ட கேலி, வேறு பள்ளியில் இல்லாத வசதி. அந்தப் பள்ளிதான் ஏன் என்பதற்கு ஆதாரத்தோடு எழுதுங்கள்.

தோற்றால்

ஒரே பள்ளிக்கு ஒரே கல்வியாண்டில் மறுபடியும் மேல்முறையீடு செய்ய, நிலைமையில் பெரிய மாற்றம் ஏதாவது வந்திருக்க வேண்டும். விசாரணையையே ஒழுங்காக நடத்தவில்லை என்றால், கவுன்சில் பள்ளிக்கும் மதச் சார்பு அரசுப் பள்ளிக்கும் உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடமும், அகாடமிக்குக் கல்வித்துறையிடமும் புகார் கொடுக்கலாம். அவர்கள் நடைமுறைக் குறையை மட்டும் பார்ப்பார்கள், முடிவு பிடிக்கவில்லை என்பதைப் பார்க்கமாட்டார்கள்.

மீதமிருப்பது காத்திருப்புப் பட்டியல். குறைந்தது டிசம்பர் 31 வரை அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. முதலில் பெயர் கொடுத்தவருக்கு முதல் இடம் என்ற கணக்கு அதில் இல்லை. மறுபடியும் அதே முன்னுரிமை விதிகள்தான். அதனால் இன்று நான்காவதாக இருப்பவர், பள்ளிக்கு அருகில் ஒரு குடும்பம் குடிவந்தால் நாளை ஐந்தாவதாக இறங்குவார். வாரம் ஒரு முறை தொலைபேசியில் கேட்பதால் மேலே ஏற முடியாது. ஆனால் ஜூலையிலும் செப்டம்பரிலும் ஆள்கள் நகர்வார்கள்: வேலை மாறி ஊர் மாறுவோர், தனியார் பள்ளிக்குப் போவோர், முதல் நாள் பள்ளிக்கு வராமலே போகும் பிள்ளைகள். டிசம்பருக்குப் பிறகும் பட்டியலில் இருக்க வேண்டுமா என்று சில கவுன்சில்கள் மின்னஞ்சலில் கேட்கும். பதில் சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். குப்பை மடல் பெட்டியையும் பாருங்கள்.

எங்களுக்கு அழைப்பு வந்தது செப்டம்பர் இரண்டாவது வாரம். தெரியாத எண், விளம்பரம் என்று நினைத்து எடுக்கவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்குத்தான் குரல் செய்தியைக் கேட்டேன்: ஓர் இடம் காலியாகியிருக்கிறது, நாளை மதியம் பன்னிரண்டுக்குள் பதில் வேண்டும். சொன்னேன். சீருடையை மட்டும் இரண்டாவது முறையாக வாங்க வேண்டியிருந்தது.